ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அவருடைய முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் சுகம்தான் என்று குரலிலேயே தெரிந்தது, ஆனால் அந்த இருமல் விட்டதா என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்க மறந்துவிட்டேன். முந்தாநாள் நீ போன் செய்து நான் கணக்கில் பாஸ் என்று சொன்னதும், "சரிம்மா, அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன் அல்லவா, அடுப்பில் பாலும் இல்லை ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஓவென்று அழுதிருப்பேன், நீ அங்கே தனியாக உட்கார்ந்து பதறியிருப்பாய். அதனால்தான் கடிதம். கடிதத்தில் நான் மூக்கைச் சிந்துவது உனக்குக் கேட்காது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. பெரிய டீச்சர் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, ஆசிரியர் பயிற்சி வகுப்பில் எனக்கான இடத்துக்கு அன்றைக்கே எழுதி அனுப்பிவிட்டார். இந்த வருஷம் தவறியிருந்தால் வயது தாண்டிப் போயிருக்கும், காலம் முழுக்க நான் பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்து ஷூ மாட்டிவிடும் உதவியாளராகவே இருந்திருப்பேன். அந்த வேலை ஒன்றும் மட்டமில்லை, இனியும் மூக்கைத் துடைக்கத்தான் போகிறேன். ஆனால் வகுப்பு வாசலில் நிற்காமல் உள்ளே நின்று துடைப்பேன். மற்றப் பாடமெல்லாம் அந்தக் காலத்திலேயே தேறிவிட்டு, கணக்கை மட்டும் அப்படியே விட்டுவைத்தவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். "நான் சொல்லித் தரேன்" என்று நீதான் ஆரம்பித்தாய். வாரம் முழுக்க உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டிய பிள்ளை, அம்மாவுக்கு முக்கோணம் சொல்லிக் கொடுக்க எழுந்து உட்கார்ந்தாயே, அதற்கு நான் எந்தக் கோவிலில் போய் நன்றி சொல்வது, உன்னிடமே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த எல்லாரும், எங்கள் பழைய வாத்தியார் முதல் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் வரை, "இது ரொம்ப சுலபம்" என்றுதான் ஆரம்பித்தார்கள். சுலபம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது, வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்ட வேண்டியதுதான். நீ ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. "இது கொஞ்சம் கஷ்டம்தாம்மா, மெதுவா பாக்கலாம்" என்றாய். கஷ்டம் என்று நீ சொன்ன பிறகுதான் எனக்குப் புரியவே ஆரம்பித்தது. திட்ட விலக்கம் என்று புத்தகத்தில் வாயில் நுழையாத பெயரைப் போட்டுவைத்திருந்தார்களே, அதற்கு நீ சொன்ன உதாரணம் சாகும்வரை மறக்காது. அப்பா தினமும் ஏழு மணிக்கு வருவார், நீ படிக்கும் காலத்தில் ஒருநாள் ஐந்துக்கு வருவாய், ஒருநாள் ஒன்பதுக்கு வருவாய், சராசரி பார்த்தால் இரண்டு பேரும் ஏழு மணிதான், ஆனால் நான் ஜன்னலில் நின்றது யாருக்காக என்று கேட்டாய். உனக்காகத்தான் என்றேன். அந்த ஜன்னலில் நிற்கிற கவலைதான் திட்ட விலக்கம் என்றாய். இத்தனை வருஷம் நான் ஜன்னலில் நின்றது உனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது பார், எனக்கு அதுதான் பெரிசாகப் பட்டது. புள்ளியியலில் அதற்கப்புறம் ஒரு மதிப்பெண்கூடப் போகவில்லை.

இப்போது உனக்குத் தெரியாத பாதிக் கதையைச் சொல்ல வேண்டும். பரீட்சைக்கு முந்தின வாரம் எனக்கு உடம்பு சரியில்லை என்று அப்பா போனில் சொன்னாரே, உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் புத்தகங்களையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். முக்கோணவியலில் எந்தக் கணக்கைப் போட்டாலும் தப்பு. நாற்பது மீட்டர் தள்ளி நின்று ஒருவன் கட்டடத்தின் உச்சியைப் பார்க்கிறான், ஏற்றக்கோணம் முப்பது, உயரம் என்ன என்று கேட்டால், எனக்கு மைனஸ் இருநூற்று ஐம்பத்தாறு மீட்டர் வருகிறது. கட்டடம் மண்ணுக்குள் போய்விட்டது. திரும்பத் திரும்பப் போட்டேன், திரும்பத் திரும்ப மண்ணுக்குள்தான் போனது. வேறு யாராக இருந்தாலும் கால்குலேட்டரைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். ஆனால் அது உன் கால்குலேட்டர், நீ கல்லூரி முழுக்க வைத்துப் படித்தது, பின்பக்கம் உன் கையெழுத்து இருக்கிறது. அதுவா பொய் சொல்லும், என் மூளைதான் மழுங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். உன்னிடம் மட்டும் சொல்லக்கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கினேன். அவருக்குப் பொய் சொல்ல வருமா, உடம்பு சரியில்லை என்று ஒரு வாக்கியத்தைத் திக்கித் திணறிச் சொல்லிவிட்டு, சுடுகிற பாத்திரத்தைக் கொடுப்பது போலப் போனை என் கையில் திணித்துவிட்டார்.

நீ என்ன உடம்புக்கு என்று கேட்கவே இல்லை. எந்தக் கணக்கு வரவில்லை என்று கேட்டாய், கட்டடம் மண்ணுக்குள் போனதைச் சொன்னதும் கால்குலேட்டர் எங்கே என்றாய். சைன் முப்பது போடச் சொன்னாய். போட்டேன், மைனஸ் புள்ளி ஒன்பது எட்டு எட்டு என்று என்னவோ வந்தது, படித்துக் காட்டினேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரிக்காமல், "சரி, உனக்குத் தெரிஞ்சு எவ்வளவு வரணும்?" என்று கேட்டாய். அரை, என்றேன், யோசிக்காமலே சொன்னேன். "அப்ப உனக்குத் தெரியுதும்மா. அது சொன்னதை ஏன் நம்புன? உன்னை நம்பியிருக்கலாமே" என்றாய். அப்புறம்தான் திரையின் மேல் மூலையில் 'டி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்' இருப்பதைப் பார்க்கச் சொன்னாய், கோணத்தை டிகிரியில் கணக்குப் போடாமல் வேறு அளவில் போட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, எந்தப் பட்டன் என்றும் சொல்லிக் கொடுத்தாய். கட்டடம் மண்ணிலிருந்து எழுந்து இருபத்து மூன்று மீட்டருக்கு நின்றது. அது எப்படி மாறியது என்று நீ கேட்டபோது தெரியாது என்றேன். இப்போது தெரியும். உன் அப்பா, நான் ராப்பகலாகப் படிக்கிறேனே, தன்னாலும் ஏதாவது உதவி ஆகட்டும் என்று, பட்டறையில் தையல் மெஷினைத் துடைக்கும் பிரஷைக் கொண்டுவந்து, கால்குலேட்டரில் ஒரு பட்டன் விடாமல் அழுத்தி அழுத்தித் தூசி தட்டியிருக்கிறார். ரிசல்ட் வந்த பிறகுதான் தைரியம் வந்து சொன்னார். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், முகத்தைப் பார்த்தேன், மனசு வரவில்லை. நீயும் எதுவும் கேட்டுவிடாதே.

பரீட்சையன்று நடந்ததையும் கேள். கண்காணிப்பாளர் வாசலிலேயே என்னை மறித்து, பெற்றோரெல்லாம் வெளியே உட்காருங்கள் என்றார். ஹால் டிக்கெட்டை நீட்டினேன். பாவம், வெலவெலத்துப்போய் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். மேசை சின்னப் பிள்ளைகள் அளவு, முழங்கால் இடித்தது. இந்தப் பரீட்சைக்குக் கால்குலேட்டர் கொண்டுபோக அனுமதி உண்டே, முதல் வேலையாக அதில் சைன் முப்பது போட்டேன், அரை என்று வந்தது, அதற்கப்புறம்தான் வினாத்தாளையே திருப்பினேன். தொடுகோடு வரையச் சொல்லியிருந்தார்கள். என் கவராயம் எப்போதும் கால் அகட்டி வட்டத்தை முட்டையாக்கும், ஆனால் அன்றைக்கு இம்மி நகரவில்லை. அப்பா அதன் திருகாணியையும் இறுக்கி வைத்திருந்திருக்கிறார், பாதகம் செய்த அதே கைதான் உபகாரமும் செய்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து படகைப் பார்க்கும் கணக்கு கடைசியில் வந்தது. விடையைப் போட்டுவிட்டு, கால்குலேட்டரை ஓரமாக வைத்து, இவ்வளவு தூரத்தில் ஒரு படகு இருக்குமா என்று எனக்குள் கேட்டுப் பார்த்தேன். இருக்கும் என்று தோன்றியது. உன்னை நம்பியிருக்கலாமே என்று நீ சொன்னாயே, அதைத்தான் செய்தேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாஸ் என்று நீ சொன்னதும் முதலில் வந்தது சந்தோஷம்தான், ஆனால் அதன் பின்னாலேயே ஒரு பயமும் வந்தது. இந்தக் கணக்கு ஆரம்பிப்பதற்கு முன்பு நீ எப்போது போன் செய்வாய் என்று சொல்ல முடியாது. செய்தாலும் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அப்பா எப்படி, நன்றாக இருக்கிறார், அவ்வளவில் முடிந்துவிடும். முக்கோணம் வந்த பிறகுதான் ஞாயிறு தவறாமல், சொன்ன நேரம் பிசகாமல், ஒரு மணி நேரம் என் பிள்ளையின் குரல் இந்தச் சாப்பாட்டு மேசையில் கேட்டது. நடுநடுவே நீ கொட்டாவி விட்டதும், அங்கே மழை பெய்த சத்தமும்கூட எனக்குக் கேட்டது. நேற்று பெரிய டீச்சர் பயிற்சி வகுப்பின் பாடத்திட்டத்தைக் கொடுத்தார். பாட்டு இருக்கிறது, படம் வரைதல் இருக்கிறது, குழந்தை மனசு பற்றி ஒரு தாள் இருக்கிறது, கணக்கு மட்டும் இல்லை. கணக்கு இல்லையே என்று நான் வருத்தப்பட்டது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

நீ எப்போதும் நன்றாக இருக்க வேண்டும், எடுத்ததெல்லாம் கைகூட வேண்டும், எனக்கு வாய்த்ததைப் போன்ற பிள்ளை உனக்கும் வாய்க்க வேண்டும். இருமலுக்கு வெந்நீர் குடி, ஈரத் தலையோடு வெளியே போகாதே. அப்பா ஆசி சொல்லச் சொன்னார், பிரஷ் விஷயத்தை எழுதிவிட்டேனா என்று எட்டிப் பார்க்கிறார், இல்லை என்று சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிறு அதே நேரத்துக்குக் கால்குலேட்டரை எடுத்து வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருப்பேன். சொல்லித்தர உனக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் கூப்பிடு. என்னை ஜன்னலில் நிறுத்திவிடாதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா