எல்லாம் தெரிந்தவள்

பிப்ரவரி 4

என் செல்லத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். போட்டோவில் மெலிந்து தெரிகிறாய், ஒழுங்காகச் சாப்பிடு. எங்கள் ஃபேக்டரியில் நாங்கள் வரிசையாக நின்று வேலை செய்த லைனையே கழற்றிவிட்டார்கள். பதினெட்டு வருஷம் வாஷிங் மெஷின் கதவுக்கு ரப்பர் மாட்டியவளுக்கு இப்போது தினம் ஒரு வேலை. யாருக்கு எங்கே என்று போனில் வரும். பத்து நிமிஷத்தில் சம்மதம் சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அதனால் நீ கூப்பிட்டுப் போனை அடைக்காதே, எழுது.

அக்கா

பிப்ரவரி 11

அன்பு அக்கா,

ஒரு சந்தோஷச் செய்தி. யாருக்கு எந்த வேலை என்று பிரித்துப் போனில் அனுப்பும் அந்தப் புரோகிராமை எழுதுவதே எங்கள் ஆபீஸ்தான்! எத்தனை நாள்தான் ரப்பரைப் பிடித்துக்கொண்டு நிற்பாய்? இனி நினைத்த நாளில் வேலை, நினைத்த நாளில் லீவு. உனக்கு வேலை குறையாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி

மார்ச் 2

தம்பி,

நினைத்த நாளில் லீவா! காய்ச்சல் என்று ஒரு நாள் மறுத்தேன். ஒன்பது நாள் போன் மூச்சு விடவில்லை. நேற்று பிரஸ் மெஷினில் போட்டார்கள். "எனக்கு அது தெரியாதுங்க"ன்னேன். சூப்பர்வைசர் தன் போனைக் காட்டி, "தெரியும்னு இதுல இருக்கேம்மா"ன்னார். தகட்டை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் மேலிருந்து அச்சு இறங்கிவிடுகிறது. பக்கத்து மெஷின் பெண்ணும் புதுசு. அடுத்த திங்கட்கிழமை மறுபடி அதே மெஷின். யார் இப்படி எழுதியது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்.

அக்கா

மார்ச் 6

அக்கா,

பார்த்தேன். நான்தான். உனக்கு நிறைய வேலை வரட்டுமே என்று உன் பெயருக்கு நேரே எல்லாவற்றையும் 'தெரியும்' என்று குறித்தேன். இப்போது அழித்துவிட்டேன். ஆனால் அடுத்த வாரப் பட்டியல் முன்பே போய்விட்டது. கூப்பிட்டால் கட் பண்ணுகிறாய், மாமாவின் போனும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை போகாதே அக்கா. உன் காலில் விழுகிறேன், போகாதே.

தம்பி

மார்ச் 19

தம்பி,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, இடது கை. உன் கடிதம் புதன்கிழமை வந்தது. மாமா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து படித்துக் காட்டினார். மூன்று விரல். பக்கத்து மெஷின் பெண் ஓடிவந்து சுவிட்சை அணைக்காவிட்டால் கையே போயிருக்கும்.

அவள் இன்று பார்க்க வந்தாள். நாளைக்கு என் மெஷினில் அவளாம். அவளுக்கும் 'தெரியும்' என்றுதான் இருக்கிறதாம். நீ என் பெயருக்கு நேரே இருந்ததை மட்டும்தானே அழித்தாய்?

ஞாயிற்றுக்கிழமை வருவதாக மாமாவிடம் சொன்னாயாம். நல்லதுக்குத்தான் செய்தாய், தெரியும். ஆனால் வராதே, கண்ணா. உன் முகத்தைப் பார்த்தால் என்ன சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

அக்கா