பூட்டிய கூண்டில் பொரித்த வெள்ளைக் குஞ்சு

அக்கா,

இன்று காலை பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய சைக்கிள் பூட்டு கையில் தட்டுப்பட்டது. துருப்பிடித்த சங்கிலி, அதன் கண்ணியில் சிக்கிய ஒரு கருப்பு இறகு. தூக்கிப் போட எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம் மாமியார் உன் கோழிக்கூண்டுக்குப் போட்ட பூட்டு அது. நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது. போன வாரம் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு ஆறவில்லை.

ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டோம், நீ மூத்தவருக்கு, நான் இளையவருக்கு. ஆரணியில் முன்கட்டில் இரண்டு தறி, பின்கட்டில் உன் கோழிகள். சந்தவாசல் பக்கத்து உன் பிறந்த வீட்டிலிருந்து கூடையில் நாலு கோழியோடு வந்து இறங்கியவள் நீ. “பட்டு நெய்யுற வூட்ல கோழியா?” என்று அத்தை முகம் சுளித்தார். “முட்டை வேணாம்னா சொல்லுங்க அத்தை, வித்துடுறேன்” என்றாய். அதற்கப்புறம் அவர் தினம் ஒரு முட்டை சாப்பிட்டார்.

எந்தக் குஞ்சு யாருக்குப் பிறந்தது என்று றெக்கையை வைத்தே சொல்வாய். உடம்பெல்லாம் வெள்ளை வரி ஓடும் பெட்டையோடு சுத்தக் கருப்புச் சேவலைச் சேர்த்தால், தலையில் வெள்ளைப் பொட்டோடு பொரிப்பதெல்லாம் சேவல், பொட்டில்லாதது பெட்டை. ஈரம் காய்வதற்குள் பிரித்து வைத்துவிடுவாய். நான்கூட உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன், கோழிக்கு ஜாதகம் எழுதுகிறாய் என்று.

தொண்ணூறுகளின் கடைசியில் பிரியா பிறந்தாள். ஆறு மாதத்தில் அவள் கண் தெளிந்தபோது அது பூனைக்கண்ணாக இருந்தது. எனக்கும் கருவிழி, அவருக்கும் கருவிழி. “எங்க வம்சத்துல யாருக்கும் இந்தக் கண்ணு கிடையாதே” என்று அத்தை முதலில் அதிசயமாகச் சொன்னார், பிறகு வேறு மாதிரி சொன்னார். ஜரிகை கொண்டு வருகிறவனின் கண் என்ன நிறம் என்று தெருவில் பேச்சு. என் புருஷன் வாயைத் திறக்கவில்லை. தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டே இருந்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் பிடிப்பதில்லை.

குழந்தைக்கு ஒரு வயது முடிந்ததும், வந்தவாசியில் என் அம்மா வீட்டில் “கொஞ்ச நாள்” இருந்துவிட்டு வரச் சொன்னார் அத்தை. அந்தக் கொஞ்ச நாளுக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் அழுதுகொண்டே துணி மடித்தேன். நீ வந்து பையைப் பிடுங்கிக் கவிழ்த்தாய்.

“கருப்புக்கும் கருப்புக்கும் வெள்ளை பொறக்கும் அத்தை. நான் காட்டுறேன். காட்டுற வரைக்கும் இவ இங்கதான் இருப்பா.”

“இன்னாடி உளர்ற?”

“சேலையில புட்டா பூவுக்குப் போடுற ஜரிகை அடியில ஓடிகினே கீது. பூ வர்ற எடத்துலதான மேல வருது? அதுவரைக்கும் தெரியலன்னா, இல்லன்னு ஆயிடுமா?”

உன்னிடம் ஒரு வெள்ளைப் பெட்டை இருந்து, கீரி பிடித்துப் போயிருந்தது. அதற்கும் கருப்புச் சேவலுக்கும் பொரித்தவை அத்தனையும் கருப்பு. அதில் ஒரு சேவலையும் ஒரு பெட்டையையும் கூண்டில் சேர்த்துப் போட்டாய். முட்டை சேர்ந்ததும் அடை வைத்தாய். இருபத்தோரு நாளில் கருப்புக் குஞ்சுகளுக்கு நடுவே ஒரு வெளுத்த குஞ்சு.

நாம் குதித்தோம். அத்தை குனிந்துகூடப் பார்க்கவில்லை. “கூண்டுல அடைக்கிறதுக்கு முன்னாடி இந்தப் பெட்டை எந்தச் சேவலோட சுத்துச்சோ, யார் கண்டா?” என்றார். கோழியைப் பற்றிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நியாயமான கேள்விதான் என்று ஒத்துக்கொண்டாய், அதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு தடவை சேவலோடு சேர்ந்த பெட்டை, அதற்கப்புறம் பல நாள் அந்தக் கருவோடே முட்டை வைக்கும். கோழியைக் கரைத்துக் குடித்த நீ அவசரத்தில் அதைக் கோட்டை விட்டிருந்தாய். மறுபடி ஆரம்பித்தாய். அதே வெள்ளைப் பெட்டை கடைசியாகப் பொரித்த குஞ்சுகளில், இன்னும் முட்டைக்கு வராத, சேவல் வாடையே அறியாத ஒரு கருப்பு இளம் பெட்டையைத் தேடி எடுத்துத் தனிக்கூண்டில் போட்டாய். “நீங்களே பூட்டுங்க அத்தை” என்றாய். அவர் சைக்கிள் பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். தீனிக்கு நொய்யரிசி போடக்கூட அவர்தான் திறப்பார்.

அது முட்டைக்கு வந்ததும் முன்பு கூண்டில் போட்ட அதே கருப்புச் சேவலை உள்ளே விட்டது, யாரும் மாற்றி வைக்காமலிருக்க முட்டைகளில் கரியால் கோடு போட்டது, எல்லாம் அத்தையின் கையாலேயே. அத்தனை மாதமும் நான் ஒரு கோழியின் வயிற்றை நம்பி அந்த வீட்டில் சோறு தின்றேன். ஒன்பது பொரித்தன. ஏழு கருப்பு, இரண்டு சாம்பல் பூத்த வெளுப்பு. “சாம்பலு ஒட்டிகினு கீது” என்று அத்தை முந்தானையால் துடைத்துப் பார்த்தார். சாம்பல் போகவில்லை. இறகு முளைத்தபோது இரண்டும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை.

அத்தை மன்னிப்புக் கேட்கவில்லை. சாவியைக் கழற்றி உன் பக்கம் வீசினார், அவ்வளவுதான். என் புருஷன் அன்று முதல் தடவையாகப் பிரியாவைத் தூக்கிக்கொண்டு கூண்டருகே வந்து சிரித்தார். “பாத்தீங்களா அண்ணி, நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு!” நானும் சிரித்தேன். நீ மட்டும் சிரிக்கவில்லை.

“ஏன் தம்பி, ஒம்போதும் கருப்பா பொரிச்சிருந்தா? நாலுல ஒண்ணுதான் வெள்ளை வரும், அதுவும் வந்தா உண்டு, வரலன்னா இல்ல. வரலன்னா இவள வந்தவாசி பஸ்ல ஏத்தி இருப்பியா?”

அப்புறம் என் பக்கம் திரும்பினாய். “நீ இன்னாத்துக்குடி பல்லக் காட்டுற? கோழி சொன்னத நம்புறாங்க. நீ சொன்னத யாரும் நம்பல.”

அக்கா, அன்றைக்கு எனக்கு உன்மேல் கோபம் வந்தது. ஜெயித்த நேரத்தில் ஏன் இப்படிச் சுருக்கென்று சொல்கிறாய் என்று நினைத்தேன். புரிய வெகுநாள் ஆயிற்று.

போன வாரம் பிரியாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கண்ணு யாரு ஜாடை? வூட்ல யாருக்கும் இப்படித் தெரியலையே” என்றார். என் புருஷன் உற்சாகமாக நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்குப் பெருமையாகச் சொன்ன கதைதான். “எங்க வூட்ல ரெண்டு கருப்புக் கோழி...” என்று ஆரம்பித்தார்.

“நிறுத்துங்க” என்றேன். நான் அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னேன், “என் பொண்ணு. அவ கண்ணு அவளுது. காபி ஆறுது, குடிச்சிட்டுக் கிளம்புங்க.”

அவர்கள் காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது அவருக்குப் புதிதில்லை, எனக்குத்தான் இந்தத் தடவை அது வலிக்கவில்லை. எந்தக் கோழியையும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை அக்கா. இனிமேல் கூப்பிடவும் மாட்டேன்.