நம் ஊரில் ஒரு சிவப்பு ஊசி

மகளே,

ஒன்பது வருடம் கழித்துச் செவ்வாய்க்கிழமை எங்கள் நெடுஞ்சாலை வரவேற்பு மையத்துக்குள் நுழைந்தாய். வர்ஜீனியாவுக்கு வருகிறவர்களுக்கு வழி சொல்வது என் வேலை. உனக்கும் சொன்னேன்.

“மேடம், இங்க பார்க்க என்னென்ன இருக்கு?” என்று என்னைத் தெரியாதவள்போலக் கேட்டாய்.

“மேற்க போனா மலை, கிழக்க போனா கடல். நடுவுல பழைய போர்க்களங்க. எத்தனை நாள் இருக்கப் போறீங்க?”

“முடிவு பண்ணலை. தங்க இடம் கிடைக்குமா?”

எல்லோருக்கும் கொடுப்பதுபோல வேர்க்கடலைப் பொட்டலமும் விடுதிப் பட்டியலும் கொடுத்தேன். நீ சுவரிலிருக்கும் அமெரிக்க வரைபடத்தருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாய்.

பக்கத்துக் கவுண்டர் வெர்னெல் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே காரை எடுக்குது. வாடகையைச் சொல்லிப் பயமுறுத்திட்டியாடி?” என்றாள்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் தங்கள் ஊரைத் தேடி அந்த வரைபடத்தில் ஊசி குத்துவது வழக்கம். வர்ஜீனியாக்காரர்கள் குத்தினால் நாங்கள் பிடுங்கிவிடுவோம். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். நீ இப்போது வசிக்கும் ஒரிகானில் புது ஊசி எதுவும் இல்லை. இங்கே வர்ஜீனியாவில், நம் ஊரில் ஒரு சிவப்பு ஊசி இருந்தது.

அதைப் பிடுங்கவில்லை. உன் அறையிலிருந்த தையல் மிஷினைக் கூடத்துக்கு நகர்த்தியாயிற்று.

உனக்குக் கொடுத்த பட்டியலில் ஆறு விடுதிகள். எதில் இருக்கிறாயோ தெரியாது, அதனால் ஆறுக்கும் இதையே எழுதி அனுப்புகிறேன். நம் வீட்டை அதில் சேர்க்க விட்டுப்போயிற்று.

அம்மா