நீங்கள் பொனட்டில் வெட்டிய ஓட்டை

என் பிரியமுள்ள இஞ்சாருங்க,

அல்லாஹ் நீங்கள் மண்ணுக்குள் உறங்கும் கப்றை வெளிச்சமாக்கட்டும், நல்ல காற்றோட்டமாகவும் வைக்கட்டும். காற்றோட்டத்துக்காகத்தானே நல்ல காரின் பொனட்டில் ஓட்டை வெட்டினீர்கள்!

முன்கண்ணாடிக்குக் கிட்ட, சோற்றுக்கோப்பை அளவில். "எஞ்சின்ட சூடெல்லாம் இதால வெளியே போயிரும் புள்ள" என்றீர்கள். போனதா? கல்முனைச் சந்தி தாண்டமுன் கொதித்தது. மாரியில் மழை உள்ளே. அறுவடை நேரம் நற்பிட்டிமுனை வீதியோரம் தூற்றுகிற நெல்லின் பதரெல்லாம் உள்ளே. "ராத்தா, மச்சான் கார் ஓட்டுறாரா, பதர் அள்ளுறாரா?" என்று என் தம்பி சிரிப்பான்.

நீங்கள் போனபின் நான் வீட்டோடு இருந்த நாலு மாத இத்தா முடிந்ததும் அவன், "இத வித்துப்போடுவம் ராத்தா" என்றான். எனக்குப் பொல்லாத கோபம். வரிப்பத்தான்சேனைப் பள்ளிக்கூடத்துக்கு நான் எதில் போவது? உங்களுடையது என்று இந்த வீட்டில் வேறென்ன ஓடுகிறது? "நான் திருத்திக் காட்டுறன்டா" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

காற்று எந்தப் பக்கம் போகிறதென்று பார்க்க, தையல் நூலைத் துண்டுதுண்டாக வெட்டி பொனட் முழுக்க ஒட்டினேன். தம்பி ஓட்ட, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, "டீச்சர், இது என்ன நேர்ச்சை?" என்று கேட்டார்.

இப்போது கேளுங்கள். உங்கள் ஓட்டையோர நூலெல்லாம் உள்ளுக்குப் போய்விட்டன! கண்ணாடியில் முட்டுகிற காற்று ஓட்டைக்குள் இறங்கி, வெளியே வரப்பார்க்கும் சூட்டை அடைக்கிறது. முன்பக்கம், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால்தான் நூல்கள் மேலே எழும்பி ஆடின. காற்று சூட்டை இழுத்தெடுக்கிற இடம் அதுதான். மனிசா, கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வெட்டியிருக்கக் கூடாதா?

அங்கே கீறல் கீறலாக வெட்டுவித்தேன். உங்கள் ஓட்டைக்கு ஒரு தகடு. "வெல்ட் பண்ணவா டீச்சர்?" என்று கராஜ் பாஸ் கேட்டார். "வேணாம், ஸ்க்ரூ போடுங்க" என்றேன். ஏனென்று அப்போது எனக்கே விளங்கவில்லை.

இப்போது பள்ளிக்கூடம் போய் வந்தாலும் கொதிப்பதில்லை.

ஆனால் அந்த ஓட்டையால் ஒரு மணம் காருக்குள் வருமே, எஞ்சின் ஒயிலும் சூடும் கலந்த, நீங்கள் உடுத்த சேட்டின் மணம்? அதுவும் நின்றுவிட்டது. முதல் நாள் காரை ஓரமாக நிறுத்திவிட்டு நன்றாக அழுதேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். மழையில்லாத வெள்ளிக்கிழமைகளில் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒலுவில் துறைமுகம் வரை ஓட்டுவேன். கொதித்தால் கொதிக்கட்டும். போத்தலில் தண்ணீர் வைத்திருக்கிறேன்.

பிழை உங்களில்தான் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும்,
உங்கள் பொஞ்சாதி