ருசி பார்க்காத முதல் காய்

12-4-1964
கொடைக்கானல் பங்களாவில் தோட்ட வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் நேற்று பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் துரை கொடுத்த விதைகள். அமெரிக்காப் பாலைவனத்தில் தானாக முளைக்கிற காட்டுப் பூசணியாம். “மேல குளிருக்கு வரல. நம்ம அடிவாரத்து வறக்காட்டுல வருதான்னு பாக்கச் சொன்னாரு.” குடிக்கவே தண்ணீரைக் காணோம், இதில் பரிசோதனை வேறு!

2-8-1964
எலுமிச்சை அளவில் கோடு போட்ட காய். நாக்கு நுனியில் வைத்தேன். சாயங்காலம் வரை கசப்பு போகவில்லை. ஆடுகூட மோந்துவிட்டு நகர்கிறது. கொடி எங்கள் பூசணிக்குள் புகுந்து பின்னிக் கிடக்கிறது.

15-9-1964
பூசணி இந்த வருஷம் நல்ல இனிப்பு. விதை எடுத்துச் சாம்பலில் புரட்டி வைத்தேன்.

18-5-1965
மழை இல்லை. கிணறு காய்ந்துவிட்டது. காட்டுக்கொடி மட்டும் பச்சையாக நிற்கிறது. எங்கிருந்து குடிக்கிறது? பார்த்தாலே எனக்கு ஆகவில்லை.
நாத்தனார் புஷ்பமேரி வந்தாள். எத்தனையோ வருஷம் கழித்து இப்போதுதான் உண்டாகியிருக்கிறாள். முகத்தைப் பார்க்கவே நிறைவாக இருந்தது.

12-8-1965
பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றி வளர்த்த பூசணியில் ஒரே ஒரு காய். லேசாகக் கோடு ஓடுகிறது. வறட்சிதான் காரணமாக இருக்கும். முதல் காய் மாதாவுக்கு. அதை வெட்டி ருசி பார்க்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

15-8-1965
மாதா திருநாள் பூசை முடிந்து கோயில் உபதேசியார் காணிக்கைகளை ஏலம் விட்டார். எங்கள் காயைப் புஷ்பம் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. “மாதா காய் மதினி. பிள்ளைக்கு நல்லதுல்ல?”

16-8-1965
வெள்ளனே அவள் புருஷன் இருதயசாமி ஓடிவந்தார். புஷ்பத்துக்கு வாந்தி, ரத்தமாக வயிற்றுப்போக்கு. அந்தக் காய்க்கறியை அவர் ஒரு வாயோடு துப்பிவிட்டாராம். அவர்கள் வீட்டுக்கு ஓடினேன், சட்டியில் மிச்சம் இருந்ததைத் தொட்டு நக்கினேன் — அதே கசப்பு. அதே!
“ஏன்டி தின்ன? துப்ப வேண்டியதுதானே?” என்றேன்.
“கோயில் பொருள எப்படி மதினி துப்புறது? வெல்லம் போட்டு முழுங்கிட்டேன்.”
ஜீப்பில் பழனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மாதாவே.

19-8-1965
புஷ்பம் பிழைத்தாள். பிள்ளை இல்லை.

29-8-1965
வீட்டுக்காரர் துரையிடம் கேட்டுவிட்டு வந்தார். “அந்தப் பூவுல உக்காந்த வண்டு நம்ம பூசணிப் பூவுலயும் உக்காந்திருக்கு. போன வருசக் காயில ஒண்ணும் தெரியாதாம். விதையில கசப்பு ஏறிருமாம்.” அப்புறம் கடப்பாரையை எடுத்துக் காட்டுக்கொடியைத் தோண்டினார். ஆள் படுத்த நீளத்துக்குக் கிழங்கு. வெயிலில் சாகட்டும் என்று பாறைமேல் போட்டார்.

3-10-1965
ஒரு பொட்டு மழை இல்லை. பாறையில் கிடக்கிற கிழங்கு துளிர்த்திருக்கிறது.

14-8-1966
நாளைக்குத் திருநாள். முதல் சுரைக்காயைக் கழுவி வைத்திருந்தேன். புஷ்பம் வந்தாள். அரிவாள்மனையை இழுத்து ஒரு துண்டு நறுக்கி, பச்சையாகவே மெல்ல மென்றாள். முதல் காயில் யாரும் வாய் வைத்து நான் பார்த்ததில்லை. தடுக்கக் கை வரவில்லை.
“நல்ல காய்தான் மதினி,” என்றாள். “கோயிலுக்குக் கொடுங்க.”