நான் வாங்கிக் கொடுத்த டிரம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

நீயும் உன் சிநேகிதன் பாட்டுக்காரனும் வளர்ந்த கதை ஒருநாள் சினிமாவாகும் என்று அன்றே சொன்னவன் உன் தாய்மாமன். நீ தொட்டிலில் காலால் தாளம் போட்டபோதே சொன்னேன். உன் அம்மா இல்லை என்பாள். அவளுக்கு ஞாபகசக்தி குறைவு.

இங்கே எல்லோரும் சௌக்கியம். படப்பிடிப்பு நம் சந்திலேயே நடக்கிறது. நம் ஒற்றை அறையை ஒழுகுகிற தகரத்தோடு அப்படியே கட்டியிருக்கிறார்கள். நானாக நடிப்பவர் என்னைவிட அழகு கொஞ்சம் மட்டு. டைரக்டர் என்னைக் கேட்காமல் கேமராவைத் தொடுவதில்லை.

நேற்று உனக்கு முதல் டிரம் வந்த காட்சி. மாமன் கைக்கடிகாரத்தை விற்று, டிரம்மைத் தலையில் சுமந்து வருகிறான். அழாத ஆளில்லை. பாட்டுக்காரனின் அப்பாவையும் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். பழைய இரும்புக் கடையில் உழைத்த மனுஷன். பார்த்தார், "நல்லாருக்கு" என்றார், எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் பாட்டுக்காரன் வந்து கத்தினான். "எங்கப்பா தகரம் பொறுக்கி, கை கிழிஞ்சு செஞ்சு குடுத்த டிரம்மு மாமா அது! மறைக்கச் சொன்னது உங்க மருமகன்தானே? இனி அவன் இருக்கிற மேடையில ஏறமாட்டேன்" என்றான். நாளை மறுநாள் கச்சேரிக்காக உன்னிடம் வர விமானம் ஏறவேண்டியவன், பெட்டியைப் பிரித்துவிட்டான். உன் அம்மா என்னைப் பார்த்து, "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தியாடா?" என்றாள்.

நீயும் போனில் அவனைப் பொறாமைக்காரன் என்றாயாம். வேறு ஆளைத் தேடுகிறாயாம். தேடாதே மாப்பிள்ளை. அவன் பாடி நீ அடித்தால்தான் அது பாட்டு. இல்லையென்றால் வெறும் சத்தம்.

போனில் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால்தான் எழுதி, உன் அம்மாவின் போனில் படம்பிடித்து அனுப்புகிறேன். உடனே அவனைக் கூப்பிட்டு இதை வாசித்துக் காட்டு. டைரக்டரிடமும் அவன் அப்பாவிடமும் நானே போகிறேன்.

நடந்தது இதுதான். "டிரம் நீங்க வாங்கிக் குடுத்ததா சார்?" என்று டைரக்டர் கேட்டார். என்னை அதுவரை யாரும் சார் என்றதில்லை. ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தையில் பொய்யில்லை. அப்புறம் வாய் நிற்கவில்லை. கைக்கடிகாரம் நான் கட்டியதேயில்லை.

இருவரும் ஒரே மேடையில் நெடுங்காலம் நிற்க வேண்டும், ராசா.

இப்படிக்கு,
உன் மாமன்

பி.கு.: நான் வாங்கிக் கொடுத்தது தண்ணீர் பிடித்துவைக்கிற நீல டிரம். அதற்கு மூடிகூடக் கிடையாது.