மொட்டையில் பட்ட கீறல்

ஆவணி 6, வெள்ளி

மலையில் மொட்டை போடும்போது பிளேடு கீறி மூன்று வாரமாகிறது. மொட்டை போட்டவர் புது பிளேடு மாட்டினாரா என்று பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், பெரிய பக்திமான்! இன்று அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தேன்.

“உங்களுக்கு இல்லைங்க. பிளேடு கீறி வர்றதும் ரொம்ப அபூர்வம். மனசு கேக்கலன்னா மூணு மாசம் ஆனதும் வாங்க, உறுதியாயிடும்,” என்றார் கவுன்சலிங் அம்மா.

“இல்லன்னா இன்னொரு வாட்டி எதுக்குங்க?”

“புதுசா வந்திருந்தா உடனே காட்டாதுங்க.”

அப்படியென்றால் ‘இல்லை’ என்று கொடுத்த இந்த ரிசல்ட் சீட்டை நம்புவதா, வேண்டாமா?

வீட்டில் சின்ன மகள் வழக்கம்போல மொட்டையைத் தடவ வந்தாள். தலையை இழுத்துக்கொண்டேன்.

“இன்னா நைனா, பிகு பண்ணிக்கினு கீற?”

முகம் வாடிப் போய்விட்டாள். தொட்டால் வராது என்று ஆஸ்பத்திரியில் அந்த அம்மா மூன்று முறை சொன்னார். அதையும் நான் நம்பவில்லை போலிருக்கிறது.